ஒன்பது சிவப்புக் கோடுகள்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி சத்தம் போடுகிறது, ஐயா. உள்ளே பேரிங் வறண்டு போயிருக்கிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் மூன்று வருடம் வாய் திறக்காது. எனக்கு இது ஒரு வியாதி. எந்த வீட்டுக்குப் போனாலும் எது ஆடுகிறது, எது உரசுகிறது என்றுதான் காது முதலில் போகும். அதற்காகவே என் தங்கை என்னை யார் வீட்டுக்கும் கூட்டிப் போகமாட்டாள். "பார்க்க வந்தது மனுஷங்களையா, கதவுக் கீலையா?" என்று கேட்பாள்.

நான் வந்தது அந்த அறிக்கை விஷயமாக. கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி ஒரு தாள் கொடுத்தனுப்பியிருந்தீர்கள். இரண்டு நாள் அதை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேதி சரி. இடம் சரி, ஆற்றுப் பாலத்தின் இறக்கம். இறந்தவருடைய வயது முப்பத்தெட்டு, அதுவும் சரி. கடைசி வரியில் மட்டும், 'பின்சக்கரத்தில் எஞ்சின் பல்சக்கரம் கவனக்குறைவாகப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம்' என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். பொருத்தியவன் நான். முப்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கவனக்குறைவு என்கிற சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஏன் எடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் நேரில் வந்தேன்.

சைக்கிளுக்கு எஞ்சின் வைப்பதில் எஞ்சினை மாட்டுவது பெரிய வித்தையே இல்லை. நாலு போல்ட் போட்டால் சட்டத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். வருகிறவர்கள் எஞ்சினைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், பெட்ரோல் டேங்கைத் தடவிப் பார்ப்பார்கள். வண்டியின் உயிர் இருப்பது பின்சக்கரத்தின் இடது பக்கத்தில். வலது பக்கம் மிதிக்கிற செயின் வழக்கம்போல ஓடும். இடது பக்கம் எஞ்சினுக்கென்று தனியாக ஒரு பல்சக்கரம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கும். அதைச் சக்கரத்தின் கம்பிகளோடு சேர்த்துத்தான் கட்ட வேண்டும். கம்பிகளுக்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம், வெளியே ஒரு ரப்பர் வளையம், அதன்மேல் பல்சக்கரம். ஒன்பது போல்ட் கம்பிகளுக்கு நடுவே புகுந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒன்பதையும் வரிசையாக முறுக்குகிறவன் வேலை தெரியாதவன். ஒன்றை முறுக்கினால் அடுத்தது எதிர்ப்பக்கத்தில் இருப்பதை முறுக்க வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் கூடாது, கால் சுற்று கால் சுற்றாக. நடுநடுவே சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, பல் நுனிக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பல்லும் பென்சிலிலிருந்து ஒரே தூரத்தில் ஓட வேண்டும். மேலே கீழே குதிக்கக் கூடாது, பக்கவாட்டில் நெளியக் கூடாது. இதைக் கோட்டம் எடுப்பது என்போம். ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க எனக்கு அரை நாள் ஆகும். மற்ற கடைகளில் முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் சாமர்த்தியசாலிகள்.

முடித்த பிறகும் நான் வண்டியைக் கொடுத்துவிட மாட்டேன். ரப்பர் புதிது, ஓட ஓட அமுங்கும். அமுங்கினால் நட்டு தளரும். அது யார் குற்றமும் இல்லை, ரப்பரின் சுபாவம் அப்படி. அதனால் மறுநாள் காலை வண்டிக்காரர் வந்து கடைக்கு எதிரே உள்ள மைதானத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஓட்டி முடித்ததும் நான் ஒன்பதையும் திரும்ப முறுக்குவேன். பிறகு ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, ஒவ்வொரு நட்டிலிருந்தும் பல்சக்கரம்வரை ஒரு சிவப்புக் கோடு இழுப்பேன். நட்டு துளி அசைந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். சிவப்புக் கோடு இருந்தால் என் கை இரண்டாவது தடவையும் பட்டிருக்கிறது என்று அர்த்தம். என் கோடு போட்ட வண்டியை ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

ஒரே ஒருவர்தான் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஒரு பால்காரர். பால் திரிந்துவிடும், அப்புறம் வருகிறேன் என்று வண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போனார். நாலாம் நாள் நட்டு தளர்ந்து, பல்சக்கரம் சாய்ந்து, செயின் தப்பிக் கம்பிகளுக்குள் புகுந்துகொண்டது. ஓடுகிற சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. மனிதர் வண்டிக்கு முன்னால் போய் விழுந்து தோள்பட்டை உடைந்து பிழைத்தார். பதினான்கு கம்பி அறுந்த அந்தச் சக்கரத்தை நான் கேட்டு வாங்கிக் கடை வாசலில் ஆணியடித்து மாட்டினேன். அதிலிருந்து ஐந்து வருடம், வண்டி வைக்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அதைக் காட்டிக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சே ஆரம்பிப்பேன். என் தங்கை அதற்குப் பால்காரர் சக்கரம் என்றே பேர் வைத்திருந்தாள். "உன் கடைக்கு வர்றவங்களுக்கு இது ஒரு சாமி படம்ணா, கும்பிட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்று கேலி செய்வாள்.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். "முப்பத்தெட்டு வயசு ஆச்சு, இன்னும் பாப்பானு ரோட்டுல நின்னு கூப்பிடுற. யாராவது தொட்டிலைத் தேடப் போறாங்க" என்பாள். அவளுக்கு இடது கால் கணுவோடு திரும்பியிருக்கும். தரையில் பாதம் முழுதாகப் பதியாது. பக்கத்துத் தெருவரைக்கும் நடப்பாள், அதற்கு மேல் வீங்கிக்கொள்ளும். சின்ன வயதில் காய்ச்சல் வந்து இப்படி ஆகிவிட்டது என்று கேட்கிறவர்களிடம் சொல்வது எங்கள் வழக்கம். காய்ச்சல் எதுவும் வரவில்லை. அவளுக்கு ஐந்து வயதில் அப்பாவின் சைக்கிளில் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினேன். பாப்பாவை ஏற்றாதே என்று அப்பா சொல்லியிருந்தார். ஒரு சரிவில் நான் மிதிப்பதை விட்டுவிட்டு வண்டியைப் பறக்கவிட்டேன். மெதுவாகப் போ அண்ணா, மெதுவாகப் போ என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பயத்தில் காலை ஒடுக்கியிருக்கிறாள், கால் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது.

அப்பா பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு நின்றார். கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்த ஐந்து வயதுப் பிள்ளை, "அண்ணா ஒண்ணும் பண்ணலப்பா. நானேதான் காலை உள்ள விட்டேன்" என்றது. அப்பா பெல்ட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அன்று அடி வாங்கியிருந்தால் எனக்கு அது அன்றோடு போயிருக்குமோ என்னவோ.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, அவளே இரண்டு பெண் பார்த்தாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் தையல் போடுவாள். அந்த அச்சகம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். பதினோரு வருடம் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன், மாலையில் நான்தான் கூட்டி வருவேன். பின்னால் கேரியரில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, என் சீட்டின் அடிக்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். திருப்பத்தில் அந்தப் பிடி இறுகும். அது எனக்குத் தெரியும். பசை வாசனையோடு வருவாள், நாள் முழுக்க அங்கே நடந்ததை எல்லாம் என் முதுகிடம் சொல்லிக்கொண்டு வருவாள். யார் யாரோடு பேசவில்லை, எந்தப் புத்தகத்தில் பதினாறு பக்கம் தலைகீழாகப் போய்விட்டது, எல்லாம். எனக்கு அந்த நாலு கிலோமீட்டர் போதுமாக இருந்தது. வேறு எதுவும் தேவைப்பட்டதே இல்லை, ஐயா. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

இந்த வருட ஆரம்பத்தில் அச்சகம் ஆற்றுக்கு அக்கரைக்கு மாறிப்போனது. பதினோரு கிலோமீட்டர். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தால் குடி முழுகிப் போகாது என்றேன். ஒரு மாதம் அப்படியே போனோம். பாலத்து ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும். அவள் அதைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு நாள் மத்தியானம் ஆட்டோவில் ஒரு அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்து இறங்கினாள். பெட்டிக்குள் சைக்கிள் எஞ்சின், டேங்க், பல்சக்கரம், ரப்பர் வளையம் எல்லாம் இருந்தன.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். மூணு மிதி மிதிச்சா எஞ்சின் புடிச்சுக்குமாமே. மூணு மிதி என்னால முடியும்."

"நான் இருக்கேன்ல?"

"நீ இருக்க, அண்ணா. அதான் சொல்றேன். எத்தனை நாள்தான் இருப்ப? உனக்கும் மூச்சு வாங்குது. இனிமே நானே போயிக்கிறேன்."

இவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் மேசைமேல் அடுக்கினாள். மழைக்காலத்தில் அக்கரையிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றும், அச்சகத்தம்மா மாடியில் ஓர் அறை தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னாள். பிடித்துப்போனால் மழை முடிந்தும் அங்கேயே இருந்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னாள். அதை நான் அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

"அந்தக் கால் விஷயம் முடிஞ்சு முப்பத்திமூணு வருஷம் ஆச்சுணா. நான் அன்னைக்கே மறந்துட்டேன். நீதான் தூக்கிட்டே திரியுற. போதும், இறக்கி வை. நான் போனா நீயும் உன் வாழ்க்கையைப் பார்க்கலாம்."

என் வாழ்க்கை என்று அவள் எதைச் சொன்னாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எந்த வண்டியில் எஞ்சினை வைக்கலாம் என்று பேச்சு வந்தது. குறுக்குக் கம்பி உள்ள வண்டிதான் இதற்கு ஒத்துவரும், எஞ்சின் உட்கார முக்கோணம் வேண்டும். உன் வண்டியையே கொடு, எனக்குப் பழகின வண்டி என்றாள். இத்தனை வருடம் அவளை ஏற்றிக்கொண்டு போன வண்டி அது. சரி என்றேன். சீட்டைக் கீழே இறக்கிக் கொடுத்தேன். ஏறிப் பார்த்தாள், வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கிப் போட அவளுக்கு வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேரியரைக் கழட்டிடுணா. சும்மா எதுக்குக் கனம்? நான் யாரையும் ஏத்தப் போறதில்ல" என்றாள்.

அவள் மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. கனம் குறைந்தால் எஞ்சினுக்கு நல்லது என்பதும் சரிதான். எனக்குத்தான் அது தாங்கவில்லை. கேரியரைக் கழற்றித் துடைத்து, அதன் நாலு போல்ட்டையும் வாஷரோடு ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினேன். மறுநாள் சீட் தைக்கிறவரிடம் போய், அந்தக் கேரியரின் அளவுக்கு நல்ல பஞ்சு வைத்து ஒரு மெத்தைச் சீட் தைக்கச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

பல்சக்கரத்தை மூன்று நாள் எடுத்துப் பொருத்தினேன். வேறு யாருக்கும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. பழைய கம்பிகளில் துருப் பிடித்திருந்த ஆறை மாற்றினேன். பென்சில் வைத்துப் பார்த்தபோது ஒரு பல்கூட விலகவில்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் பல்சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது, அவ்வளவு சுத்தம். உங்கள் ஆள் அதைப் பார்த்திருந்தால் கவனக்குறைவு என்று எழுதக் கை வந்திருக்காது. அவர் பார்த்தது பாலத்துக்கு அப்புறம்.

நாலாம் நாள் காலை அவள் கடைக்கு வந்தாள். மைதானத்தில் ஓட்டினாள். ஓரத்தில் நின்று நான் சுற்றுகளை எண்ணினேன். முதல் இரண்டு சுற்று பயந்து பயந்து ஓட்டினாள். மூன்றாவது சுற்றில் கால் ஊன்றாமல் திரும்பினாள். பத்தாவதில் தலைமுடி கலைந்து, வாயெல்லாம் பல்லாக, என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். அவள் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததே இல்லை. பிறந்ததிலிருந்து அவள் எங்கே போனாலும் என் வேகத்தில்தானே போயிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று அவள் நினைத்தாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். அவள் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தேன். எதிர்பார்த்தபடி ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருந்தது. கால் சுற்று முறுக்கினால் போதும். ஸ்பேனர் கையிலேயே நின்றது. இதை முறுக்கிவிட்டால் இவள் போய்விடுவாள் என்று அப்போது தோன்றியது. அந்த நிமிடம்தான் தோன்றியது, அதற்கு முன்னால் இல்லை. நான் முறுக்கவில்லை.

சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு கோடாக ஒன்பது கோடு போட்டேன். கோடுகள் எல்லாம் ஒரே அளவில் வந்தன.

அவள் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். "திரும்ப முறுக்கிட்டியாணா?" என்று கேட்டாள். பால்காரர் கதையை ஆயிரம் தடவை கேட்டவள் அல்லவா.

"சிவப்பு வச்சிருக்கேன், தெரியல?" என்றேன்.

"உன் கோடு இருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்?" என்று சொல்லி என் தோளில் தட்டினாள்.

என் கணக்கு இதுதான், ஐயா. வீட்டிலிருந்து முதல் நான்கு கிலோமீட்டர் சமதளம். ஆள் நடமாட்டம் உள்ள தெரு, மருந்துக்கடை இருக்கிறது, ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே எங்கேயாவது செயின் கழன்று தரையில் விழும். எஞ்சின் சும்மா உறுமும், வண்டி நின்றுவிடும். அவள் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவாள். எவ்வளவு தூரம் அந்தக் காலோடு தள்ள முடியும்? யாரையாவது விட்டு என்னைக் கூப்பிடுவாள். நான் போவேன். இதெல்லாம் உனக்கு ஒத்துவராது பாப்பா, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்பேன். அன்றைக்கே எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கேரியரை மாட்டிவிடலாம். மெத்தைச் சீட்டும் தைத்து வந்திருந்தது. நீல நிறம். அவளுக்குப் பிடித்த நிறம்.

அவ்வளவுதான் நான் விரும்பியது. மறுநாள் காலையில் அவள் கிளம்பியதும் கடையைத் திறக்காமல் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று. வந்தார்கள். மருந்துக்கடையிலிருந்து இல்லை, பாலத்திலிருந்து.

இறக்கத்தில் பல்சக்கரம் சாய்ந்து, செயின் கம்பிகளுக்குள் போய், சக்கரம் பூட்டிக்கொண்டது. பாலத்துக் கைப்பிடிச் சுவரின் அடிக்கல்லில் அவள் தலை மோதியது. பின்னால் வந்த லாரிக்காரர் நல்ல மனிதர், சமயத்தில் நிறுத்திவிட்டார். அவர்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இரண்டு நாள் இருந்தாள். தலைக்கட்டுக்குக் கீழே முகம் அப்படியேதான் இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு பத்து நிமிடம் நல்ல நினைவு வந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் வலது கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. நான் கவனிக்கவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டை விரலால் அதைத் தேய்த்துத் தேய்த்து எடுக்கப் பார்த்தாள். பெயிண்ட் காய்ந்துவிட்டிருந்தது, வரவில்லை.

"யாராவது கேட்டா, நான்தான் வேகமாப் போயிட்டேன்னு சொல்லு" என்றாள்.

அவள் வேகமாகப் போகவில்லை என்று லாரிக்காரர் உங்களிடமே சொல்லியிருக்கிறார். ஆக, என் தங்கை வாழ்க்கையில் இரண்டு பொய் சொன்னாள். இரண்டும் எனக்காக. முதல் பொய்யில் அவளுக்கு எல்லாம் தெரியும். இரண்டாவதில் எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் விரல் என் நகத்தைத் தேய்ப்பதை நிறுத்திய பிறகு, கேட்க ஆளில்லை. வீட்டில் பசை வாசனை இன்னும் போகவில்லை. அவளுடைய பழைய துணிகளில் இருக்கிறது. நான் ஜன்னலைத் திறப்பதில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். முறுக்காமல் விட்ட ஓர் அண்ணன், மன்னிக்கக் கூடியவன் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் முகத்தில் இரக்கம் தெரிகிறது. அதனால்தான் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்கிறேன்.

மூன்று நாள் உட்கார்ந்து என் கை முறுக்கிய முறுக்கு, திரும்ப முறுக்காவிட்டாலும் ஒரு மாதம் நிற்கும். பால்காரருக்கு நாலாம் நாளே போனது அவர் ஏற்றிய பாரத்தால். பாப்பா பூ மாதிரி இருப்பாள், அவள் கனத்துக்கு ஒரு நட்டும் அசையாது. அது எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் அவள் அந்த மாடி அறைக்கே போயிருப்பாள். அதனால் பெயிண்ட் போடுவதற்கு முன்னால், பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற நாலு நட்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் முறுக்குகிறேன் என்று நினைத்திருப்பாள். ஸ்பேனர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று யார் பார்க்கிறார்கள்? நாலும் எதிரெதிரே இருந்தால் பல்சக்கரம் சாயாது. அதனால்தான் ஒரே பக்கமாக நாலு. இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். நான் என் தங்கைக்குச் செய்த எந்த வேலையிலும் கவனம் குறைந்ததில்லை.

கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, தெரிந்தே தளர்த்தப்பட்டது என்று எழுதுங்கள். நாலு நட்டு, ஒன்றரைச் சுற்று. கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனையோ கொடுங்கள். முப்பத்திமூணு வருடம் முன்னால் கிடைத்திருக்க வேண்டியது.

ஆனால் அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். செயின் கழன்று விழும், வண்டி நிற்கும், அவள் தள்ளிக்கொண்டு வருவாள் என்றுதான் நினைத்தேன். செயின் உள்ளே புகுந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பது என் புத்தியில் வரவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அதை ஞாபகப்படுத்த அன்று கடையில் எதுவும் இல்லை.

பால்காரர் சக்கரமா? இல்லை, அன்று அது வாசலில் இல்லை. அதற்கு முந்தின நாள் நான் சக்கரத்தை இறக்கி, உள்ளே கொண்டுபோய், சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். பாப்பா காலையில் மைதானத்துக்குப் போவதற்கு முன்னாலேயே வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, "எங்கணா உன் சாமி படம்?" என்று கேட்டாள். தூசியாக இருந்தது, துடைக்கலாம் என்று இறக்கினேன் என்றேன். துடைக்கத்தான் இறக்கினேன், ஐயா. இன்னும் துடைக்கவில்லை.